செவப்பு மையில ஒரு பாஸ்

செலியமேடு பால் சொசைட்டியில இருபத்திரெண்டு வருஷமா நான்தான் டெஸ்டர். பேரு அரங்கநாதன். என்கிட்ட தண்ணி கலந்த பால ஊத்திட்டுத் தப்பிச்சவன் இன்னும் பொறக்கல. பெருமைக்குச் சொல்லல, இந்த ஊர்ல யார வேணா கேட்டுப் பாருங்க. கேனத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாலே எனக்குப் பாதி தெரிஞ்சிடும், மீதிய லாக்டோமீட்டர் சொல்லிடும். பாலு சரியா இருந்தா நோட்டுல நம்பர எழுதி, பக்கத்துல செவப்பு மையில 'பாஸ்'னு போட்டு, கீழ ஒரு கோடு இழுப்பேன். அந்தச் செவப்புப் பேனா சட்டப் பையில இல்லாம நான் வூட்ட வுட்டு எறங்கறதில்ல.

என் உடம்பப் பத்தியும் இப்பவே சொல்லிடறேன், இல்லன்னா கதை புரியாது. வயசு அம்பத்தேழு, எடை நூத்தி நாலு கிலோ. சக்கரை வந்து பதினோரு வருஷம் ஆவுது. அதுக்கு ரெண்டு மாத்திர, கொழுப்புக்குத் தனியா ஒண்ணு. எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாருமே இந்த சைஸ்தான். எங்கண்ணன் தணிகாசலம் என்னவிட எட்டு கிலோ கூட இருந்தாரு. அவுரு போயி மூணு வருஷம் ஆவுது. புராஸ்டேட்ல கேன்சர். இடுப்பு வலிக்குதுன்னு ஆரம்பிச்சாரு, ஆஸ்பத்திரிக்குப் போனப்போ அது எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு. ஒம்போது மாசம், அவ்ளோதான்.

அண்ணன் போனதுலேந்து காசம்மா அண்ணி என்கிட்ட சரியா பேசறதில்ல. விசேஷத்துல பாத்தா தலைய ஆட்டுவாங்க, நகந்துடுவாங்க. துக்கம், அதான் அப்பிடின்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துடக் கூடாதேன்னு வருஷா வருஷம் அந்த பி.எஸ்.ஏ. டெஸ்ட்ட எடுத்துடுவேன். பெரிய விஷயமில்ல, ரத்த டெஸ்ட்டுதான். ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழ ஒரு சின்ன சுரப்பி இருக்கு, அதான் புராஸ்டேட். அதுலேந்து கசியற ஒரு பொருளு ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னு பாக்கறாங்க. நாலுக்குக் கீழ இருந்தா நார்மல்னு பேப்பர்லயே அச்சடிச்சிருக்கும். இந்த வருஷம் தவளக்குப்பம் ஜங்ஷன்ல ஒரு லேப்ல குடுத்தேன். மூணு புள்ளி ஒண்ணுன்னு வந்துச்சு. வூட்டுக்கு வந்து பேனாவ எடுத்து ரிப்போர்ட்டு மேலயே 'பாஸ்' போட்டு, கோடு இழுத்து, என் பொண்டாட்டி தேவி கையில குடுத்தேன்.

"உன் ரிப்போர்ட்டுக்கு நீயே மார்க் போட்டுக்கறியா?"ன்னா அவ.

"வேற யாரு போடுவா? டெஸ்டர் நான்தானே"ன்னேன். அன்னிக்கு மத்தியானம் கறிக்கொழம்பு.

தேவி என்ன மாதிரி இல்ல. எனக்குச் சக்கரை மாத்திர வாங்க பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போனவ, என் ரிப்போர்ட்டையும் போன வருஷத்து ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போயி ஆரோக்கியசெல்வி சிஸ்டர்கிட்ட காட்டிட்டா. நெட்டப்பாக்கத்துப் பொண்ணு அது, சக்கரை நோயாளிங்க எல்லாரையும் பேரு சொல்லித்தான் கூப்பிடும். மறுநாளே போன் வந்துச்சு. "அண்ணே, சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

போனேன். மொதல்ல எட மெசின்ல ஏத்திச்சு. அப்பறம் ரெண்டு ரிப்போர்ட்டையும் மேசமேல பக்கத்துல பக்கத்துல வெச்சுது.

"போன வருஷம் நீங்க தொண்ணூத்தெட்டு கிலோ, பி.எஸ்.ஏ. ஒண்ணு புள்ளி ஏழு. இப்ப நூத்தி நாலு, மூணு புள்ளி ஒண்ணு."

"நாலுக்குள்ளதானே சிஸ்டர் இருக்கு?"

"எல்லா உடம்புக்கும் அந்த நாலு ஒண்ணு இல்லண்ணே. உடம்பு பெருசா இருந்தா ஓடற ரத்தமும் கூட. கசியற பொருளு அதே அளவுதான், ஆனா கூட ரத்தத்துல பரவிடுது. அதனால நம்பரு கொறச்சுக் காட்டும். சக்கரை இருக்கறவங்களுக்கும் கொஞ்சம் கம்மியா வரும். கொழுப்பு மாத்திரையும் கொஞ்சம் எறக்கலாம். உங்ககிட்ட மூணும் இருக்கு. உடம்பு ஏறினா நம்பரு எறங்கணும், இல்ல அப்பிடியே நிக்கணும். உங்களுக்கு ரெண்டும் சேந்து ஏறியிருக்கு."

"அப்ப எனக்கு கேன்சர்ன்றியா?"

"நான் அப்பிடிச் சொல்லல. வீக்கமா இருக்கலாம், கிருமியா இருக்கலாம், வயசாவும்போது சாதாரணமா பெருக்கறதா இருக்கலாம். ஆனா அண்ணனுக்கு வந்த வூடு இது. பாண்டியில பெரிய டாக்டர்கிட்ட எழுதித் தரேன், பாத்துட்டு வந்துடுங்க." அப்பிடியே ரிப்போர்ட்ட திருப்பிச்சு. "இது இன்னா, பாஸ்? யாரு எழுதினது?"

சட்டப் பையில இருந்த பேனாவ நான் கையால மறச்சுக்கிட்டேன். அது அடுத்த கேள்வி கேட்டுச்சு. "உங்கண்ணன் இதுக்கு முன்னாடி எப்பனா பி.எஸ்.ஏ. எடுத்திருந்தாரா?"

"எனக்குத் தெரியாது"ன்னேன். பொய் சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன்.

அதுக்கப்பறம் எனக்கு எங்கேந்து கோவம் வந்துச்சோ. "குண்டா ஒருத்தன் வந்துட்டாப் போதும், பல்லு வலின்னாலும் எடையக் கொறன்றீங்க, காது வலின்னாலும் எடையக் கொறன்றீங்க. இப்ப நார்மல்னு வந்த ரிப்போர்ட்டையும் எடைய வெச்சு இல்லன்றீங்க"ன்னு கத்திட்டு வந்துட்டேன். அது எழுதிக் குடுத்த சீட்ட மட்டும் எதுக்கோ பையில போட்டுக்கிட்டேன்.

பத்து நாளு நான் பாண்டிக்குப் போவவே இல்ல. தேவி மொதல்ல கெஞ்சினா, அப்பறம் திட்டினா, அப்பறம் பேச்ச நிறுத்திட்டா. சோத்தத் தட்டுல போட்டுட்டு எதிர்ல ஒக்காராம உள்ள போயிடுவா. நான் மட்டும் தனியா ஒக்காந்து தின்னேன். மனசுக்குள்ள பயம் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா பயத்தவிட வீம்பு பெருசா இருந்துச்சு. நாலுக்குக் கீழ நாலுக்குக் கீழன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பதினோராவது நாளு காலையிலதான் அது நடந்துச்சு.

பாலு டெஸ்ட்டுல ரெண்டு நம்பரு இருக்கு. ஒண்ணு லாக்டோமீட்டர். கண்ணாடிக் குழாய் அது, பால்ல மெதக்கும். தண்ணி கலந்தா பாலு லேசாயிடும், மீட்டர் உள்ள எறங்கும், டிகிரி கம்மியாத் தெரியும். எங்க சொசைட்டியில இருபத்தெட்டு இருந்தா நல்ல பசும்பால். இன்னொண்ணு ஃபேட், அதாவது பால்ல வெண்ணெ எவ்ளோன்றது. அதுக்கு ஒரு கரண்ட்டு மெசின். ரெண்டையும் சேத்துப் பாத்துத்தான் தீர்ப்பு சொல்லணும். அன்னிக்கு மூணு நாளா ஃபேட் மெசின் ரிப்பேர்ல கெடந்துச்சு. சரி, இருபத்திரெண்டு வருஷ அனுபவம், மீட்டரே போதும்னு நான் பாட்டுக்குப் பாலு எடுத்துக்கிட்டிருந்தேன்.

தையலம்மா அக்கா கேன வெச்சாங்க. ஊத்தினேன், மீட்டர வுட்டேன். இருபத்தாறு.

"யக்கா, தண்ணி"ன்னேன்.

"யார்ரா தண்ணி?"

"இருபத்தாறு காட்டுது. ரெண்டு டிகிரி எங்க போச்சு? எடுத்துட்டுப் போ."

பின்னாடி வரிசையில பதினஞ்சு பேரு நின்னாங்க. அந்த அக்கா அறுபது வயசுல ஒத்த மாட்ட வெச்சுப் பொழைக்கறவங்க. எத்தினியோ வருஷமா பாலு ஊத்தறாங்க, ஒரு நாளும் திருப்பி அனுப்பினதில்ல. கேன எடுக்கல. அது பக்கத்துலயே தரையில சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாங்க.

"என் மாடு ஏழு மாச சென. பாலு வத்திக்கிட்டே வருது. மூணு லிட்டருதான் குடுக்குது, ஆனா கெட்டியா குடுக்குது. ஃபேட்டப் பாரு."

"மெசின் ரிப்பேரு, யக்கா."

"அப்ப ரிப்பேரு ஆவட்டும். நான் ஒக்காந்திருக்கேன். எனக்கு வேற இன்னா வேல?"

வரிசையில ஒருத்தன் சிரிச்சான். எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. பீரோவுல கையால சுத்தற பழைய ஃபேட் மெசின் ஒண்ணு இருந்துச்சு. எடுத்துத் தூசி தட்டி, குழாயில பால ஊத்தி, ஆசிட்ட ஊத்தி, எல்லார் எதிர்லயும் சுத்தினேன். தண்ணிதான்னு காட்டி மானத்த வாங்கிடலாம்னு சுத்தினேன். குழாயத் தூக்கி வெளிச்சத்துல பாத்தேன். ஆறு புள்ளி நாலு. சாதாரணமா நாலு, நாலரைதான் வரும். கணக்குப் போட்டுப் பாத்தேன். அந்தப் பால்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. வெண்ணெ லேசான பொருளு. அது கூட இருந்தா மீட்டர் எறங்கத்தான் செய்யும்.

தையலம்மா அக்கா எழுந்து பொடவையத் தட்டிக்கிட்டாங்க. கத்தவே இல்ல. "'கொழுப்பு கூட இருந்தா மீட்டரு கொறச்சுக் காட்டும்க்கா, ஒத்த நம்பர வெச்சு எதையும் சொல்லக் கூடாது'ன்னு நீதானே ஒரு தடவ எனக்கு வெளக்கம் சொன்ன. உனக்கே மறந்துடுச்சா?"

எனக்குக் கையி நின்னுடுச்சு. கொழுப்பு கூட இருந்தா நம்பரு கொறச்சுக் காட்டும். இதே கணக்கத்தான் பத்து நாளைக்கு முன்னாடி சிஸ்டரு சொல்லிச்சு, நான் கத்திட்டு வந்தேன். பால்ல இருபத்திரெண்டு வருஷமா தெரிஞ்ச விஷயம் என் உடம்புன்னு வந்ததும் எனக்குத் தெரியாமப் போச்சு.

அது மட்டும் இல்ல. சிஸ்டருகிட்ட சொன்னேனே, அந்தப் பொய். அதுவும் வந்து எதிர்ல நின்னுச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்கண்ணன் இதே எடத்துக்கு, இதே மாதிரி ஒரு காலையில வந்தாரு. கையில ஒரு லேப் ரிப்போர்ட்டு. "டெஸ்டரே, இந்தப் பாலு தேறுமா பாரு"ன்னு சிரிச்சாரு. பி.எஸ்.ஏ. மூணு புள்ளி ஆறு. ஆளு நூத்திப் பன்னெண்டு கிலோ, சக்கரை வேற. நான் நாலுக்குள்ளன்னு பாத்தேன், வரிசையில நின்னவங்க சிரிக்கட்டும்னு செவப்புப் பேனாவ எடுத்து 'பாஸ்' போட்டுக் கோடு இழுத்தேன். அவுரும் சிரிச்சாரு. மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போனாரு.

இதெல்லாம் ஞாபகம் வந்ததும், தையலம்மா அக்காகிட்ட எல்லார் முன்னாடியும் "தப்பு என்னுது"ன்னு சொல்லி நோட்டுல பாஸ் போட்டேன். மூணு நாளா திருப்பி அனுப்பின நாலு வூட்டுக்கும் போயி, நாளைக்குப் பால எடுத்துட்டு வாங்க, கை மெசின்ல பாக்கறேன்னு சொன்னேன். அப்பிடியே நேரா பாகூருக்கு வண்டிய வுட்டேன்.

"சிஸ்டர், அன்னிக்குக் கத்தினது தப்பு. எங்கண்ணன் டெஸ்ட் எடுத்திருந்தாரு, மூணு புள்ளி ஆறு. நான்தான் நல்லா இருக்குன்னு சொன்னேன்"ன்னேன். அந்தப் பொண்ணு என்னத் திட்டும்னு நெனச்சேன். திட்டல. எழுதறத நிறுத்திட்டு, "நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிடுங்கண்ணே"ன்னுச்சு.

பாண்டியில டாக்டரு கையுறை மாட்டிக்கிட்டு என்னத் திரும்பிப் படுக்கச் சொன்னாரு. அந்தப் பரிசோதனையப் பத்தி நான் விளக்கமா சொல்லப் போறதில்ல. அர நிமிஷம். இருபத்திரெண்டு வருஷமா மாட்டு டாக்டரு எங்க சொசைட்டி மாடுங்களுக்குப் பண்றத வேடிக்க பாத்தவன் நான், அதுங்க மேல அன்னிக்குத்தான் மரியாத வந்துச்சு. அப்பறம் ஸ்கேன், அப்பறம் ஊசி போட்டுக் கொஞ்சம் சத எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. பன்னெண்டு நாளு காத்திருந்தோம். தேவி அந்தப் பன்னெண்டு நாளும் எதிர்ல ஒக்காந்துதான் சோறு போட்டா.

ரிசல்ட்டு வந்துச்சு. கேன்சர்தான்.

டாக்டரு நிதானமா சொன்னாரு. சின்னதா இருக்கு, சுரப்பிய வுட்டு வெளிய போவல, ஆபரேஷன் பண்ணிடலாம், நல்லபடியா முடியும்னு நம்பிக்கையா சொல்லலாம். "இன்னும் ரெண்டு வருஷம் நாலுக்குள்ளன்னு ஒக்காந்திருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்"ன்னாரு. தேவி என் கையப் புடிச்சா. நான் அழுவல. எனக்கு மூளைய வுட்டு ஒரு கேள்விதான் போவல.

"எங்கண்ணனுக்கு மூணு புள்ளி ஆறு இருந்தப்பவே பாத்திருந்தா?"

"அத இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்க. தப்பிச்சிருக்கலாம், தப்பிக்காமலும் போயிருக்கலாம்." பொய் சொல்லித் தேத்தாம இருந்தாரே, அதுக்காகவே அந்த ஆள எனக்குப் புடிச்சுப் போச்சு. அப்பறம் இன்னொண்ணு சொன்னாரு. "ஆபரேஷனுக்கு முன்னாடி கொஞ்சம் எடையக் கொறைங்க. நடுவுல டெஸ்ட் எடுத்து நம்பரு லேசா ஏறியிருந்தா பயந்துட்டு திரும்ப கறிக்கொழம்புல எறங்கிடாதீங்க. உடம்பு எளைச்சா நம்பரு உள்ளதக் காட்டும்." கறிக்கொழம்பப் பத்தி அவருகிட்ட யாரு சொன்னதுன்னு தேவியத் திரும்பிப் பாத்தேன். அவ ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தா.

ஆபரேஷனுக்கு நாளு குறிச்சாச்சு. ஏரிக்கரை மேல காலையும் சாயங்காலமும் நடக்கறேன், இது வரைக்கும் ஏழு கிலோ எறங்கியிருக்கேன். நான் பொழச்சுக்குவேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கத்திக்குக் கீழ படுக்கறதுக்கு முன்னாடி போயாவ வேண்டிய வூடு ஒண்ணு இருந்துச்சு.

காசம்மா அண்ணி வாசல்ல உளுந்து பொடச்சுக்கிட்டிருந்தாங்க. ஒக்காருன்னு சொல்லல. நானே ஒக்காந்தேன். எனக்கு வந்திருக்கறதச் சொன்னேன், ஆபரேஷன் தேதியச் சொன்னேன். அப்பறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு மீதியையும் சொன்னேன். "அண்ணி, அண்ணன் ரிப்போர்ட்டுக்கு நான்தான் பாஸ் போட்டேன்."

அவங்க மொறத்தக் கீழ வெச்சுட்டு உள்ள போனாங்க. போயிடுன்னு அர்த்தம் போலன்னு எழுந்தேன். திரும்பி வந்தாங்க, கையில மடிச்ச பேப்பரு. பிரிச்சு என் மடியில வெச்சாங்க. மூணு புள்ளி ஆறு. பக்கத்துல என் செவப்பு மை, கோடு, எல்லாம் நேத்துப் போட்ட மாதிரி இருந்துச்சு.

"நான் அப்பவே டாக்டருகிட்ட காட்டுங்கன்னேன் தம்பி. 'அரங்கநாதன் பாஸ் போட்டா போட்டதுதான், அவன் கண்ணு தப்பாது'ன்னாரு. ரெண்டு வருஷம் கழிச்சு வலி வந்தப்பத்தான் போனாரு."

"உனக்கு என்மேல கோவமே இல்லயா அண்ணி?"

"இல்லன்னு யாரு சொன்னா? மூணு வருஷமா வயிறு எரிஞ்சுது. வாயத் தொறந்தா கொட்டிடுவேன்னுதான் உன்கிட்ட பேசாம இருந்தேன். நீயும் தெரியாத மாதிரியே திரிஞ்ச, அதான் எனக்கு ஆறல." முந்தானையால மொகத்தத் தொடச்சாங்க. "இன்னிக்கு நீயா வந்து சொல்லிட்ட. போதும், அழுவாத. உள்ள மணிவண்ணன் தூங்கறான் பாரு. நாப்பத்தாறு வயசு, அப்பன் சைஸு. நான் சொன்னா கேக்க மாட்டான். உன்னால ஆவும், இட்டுக்கினு போ."

அன்னிக்கே எழுப்பி, முறுக்கின மூஞ்சியோட அவன பைக்குல ஏத்தி, ரத்தம் குடுக்க வெச்சேன். மறுநாளு சாயங்காலம் ரிப்போர்ட்ட வாங்கிக்கிட்டு நேரா சொசைட்டிக்கே வந்துட்டான் எங்கண்ணன் புள்ள. வாயெல்லாம் பல்லு. பின்னாடி பாலு வரிசை நின்னுச்சு, தையலம்மா அக்காவும் நின்னாங்க.

"சித்தப்பா, ஒண்ணு புள்ளி ஒம்போது. நாலுக்குப் பாதி கூட இல்ல. இந்தா, உன் கையால போடு."

நான் பேப்பர வாங்கினேன். பையிலேந்து செவப்புப் பேனாவ எடுத்தேன். எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க.

"எட எவ்ளோடா?"

"நூத்தி ஒம்போது. அது எதுக்கு இப்ப?"

நம்பரு பக்கத்துல நூத்தி ஒம்போதுன்னு எழுதினேன். அதுக்குக் கீழ அவன் வயச எழுதினேன். அதுக்குக் கீழ, அப்பாவுக்கு இருந்துச்சுன்னு எழுதினேன். பேனாவ மூடிப் பையில சொருவினேன்.

"இன்னா சித்தப்பா, பாஸ் போடலயா?"

"நான் பாலுக்குத்தான்டா டெஸ்டரு. நாளைக்குக் காலையில வண்டிய எடு, சிஸ்டருகிட்ட போவணும்."